டெக்ஸ்டர் அவென்யூ சபை: படம் எடுத்துத் தர முடியுமா?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபை மலருக்காக அலபாமா மாநிலம் மாண்ட்கமரியிலுள்ள டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் சபையின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1877-ல் தொடங்கிய சபை அது. அடிமை வியாபாரி ஒருவர் மனிதர்களை அடைத்து வைத்திருந்த இடத்தில்தான் முதலில் கூடினார்களாம்! பிறகு எழுந்த செங்கல் ஆலயம் மாநிலத் தலைமைக் கட்டடத்திலிருந்து (ஸ்டேட் கேப்பிடல்) கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1954-ல் மார்ட்டின் லூதர் கிங் போதகராக வந்தபோது வயது 25. மறு ஆண்டு டிசம்பரில், பஸ்களில் காட்டப்பட்ட நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய பஸ் புறக்கணிப்புக்கு ஆதரவு திரட்டிய கூட்டம் இதன் அடித்தளத்தில்தான் நடந்தது. மேடையைவிட அந்த அடித்தள அறைதான் எனக்கு முக்கியம்.

அங்கே வசிப்பவர்களோ போய் வந்தவர்களோ குழுவில் இருக்கிறீர்களா? அந்த அறையின் படமும், வாசலிலிருந்து தலைமைக் கட்டடம் தெரியும் படமும் வேண்டும். கைப்பேசியில் எடுத்தாலும் போதும். எடுத்தவர் பெயரை மலரில் கட்டாயம் போடுவோம்.