உதவித்தொகையால் பிள்ளைகளின் கொலுசு வேலை குறையுமா?

சேலம் ஆசிரியை:
இங்கே வெள்ளிக் கொலுசு வேலை பெரும்பாலும் வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும்தான் நடக்கிறது. தாய்க்கு மகளிர் உரிமைத்தொகை மாதம் 1000 ரூபாய் வரத் தொடங்கிய பின், என் ஏழாம் வகுப்பு மாணவியர் சிலர் விடுப்பு எடுப்பது குறைந்திருக்கிறது; ஆனால் மாலையில் சலங்கை கோர்ப்பது குறைந்ததாகத் தெரியவில்லை. பிற நாடுகளிலும் இப்படித்தானா?

ஆத்தூரான்:
ஏறத்தாழ இப்படித்தான், டீச்சர். வங்கதேசத்தில் 1993இல், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குத் தானியம் வழங்கத் தொடங்கினார்கள். சேர்க்கை நன்றாகவே கூடியது. ஆனால் வேலை செய்யும் பிள்ளைகள் குறைந்த அளவோ, சேர்க்கை கூடிய அளவில் ஆண்பிள்ளைகளிடம் சுமார் கால் பங்கு, பெண்பிள்ளைகளிடம் எட்டில் ஒரு பங்குதான். அதாவது, பள்ளிக்கான நேரம் பெரும்பாலும் ஓய்விலும் விளையாட்டிலும் இருந்தே எடுக்கப்பட்டது. மலாவியிலோ பணம் பெற்ற வீடுகளில் பிள்ளைகள் வெளியே கூலிக்குப் போவது குறைந்து, வீட்டு வேலை கூடியது. வீடே பட்டறையாக இருக்கும் ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மெக்சிகோவின் புரோகிரேசா என்ற உதவித்தொகைத் திட்டம் (1997) 85 விழுக்காடு பள்ளி வருகையை நிபந்தனையாக்கி, மேல்வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கூடுதல் தொகையும் கொடுத்தது. நம் உரிமைத்தொகைக்கு அப்படி நிபந்தனை இல்லை. புதுமைப்பெண் தொகையோ உயர்கல்வியில் சேர்ந்த பிறகே வருகிறது.

ஏற்காட்டு வாசகர்:
நிபந்தனையைவிடப் பணம் வரும் காலமே முக்கியம் என்பது என் கருத்து. மலையில் நவம்பரில் காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கிவிட்டால், எடைக்கு ஏற்ற கூலி என்பதால் கூட ஒரு கை இருந்தால் நல்லது என்றே எந்தத் தாய்க்கும் தோன்றும். ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வரும் தொகை அந்தச் சில வாரங்களில் எடுபடாது. கொலம்பியாவின் பொகோட்டாவில் மாதத் தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, அடுத்த ஆண்டுச் சேர்க்கைச் சமயத்தில் மொத்தமாகக் கொடுத்தபோது, மறுபடி சேர்ந்தவர்கள் அதிகமானார்கள்.

சேலம் ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. 2016 சட்டத்திருத்தத்தின்படி, அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளைகள் உதவலாம் என்பதால், "வேலைக்குப் போகிறாளா?" என்று கேட்டால் பெற்றோர் "இல்லை" என்றே சொல்கிறார்கள், அவர்களைப் பொறுத்தவரை அது பொய்யும் அன்று. ஆகவே இனி, நேற்றுப் பள்ளி விட்டதிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்தாய் என்று மாணவியரிடமே மணிக்கணக்கோடு கேட்டுக் குறிக்கப்போகிறேன்.