ஐபிவி6 முகவரி மாறும்போதெல்லாம் எம்க்யூடிடி அறுந்துபோகிறது, உதவி தேவை

பைத்தம்பி:
கல்லூரி ப்ராஜெக்ட். ராஸ்பெர்ரி பை 4 (சின்னக் கணினி) ஒன்று வைஃபை வழியாக சென்சார் அளவுகளை எம்க்யூடிடி (சின்னச் சின்னச் செய்திகளை அனுப்பும் நெறிமுறை) மூலம் லேப்டாப்புக்கு அனுப்புகிறது. மூவிங் டார்கெட் டிஃபென்ஸ் (தாக்குபவன் குறிவைக்க முடியாதபடி இடம் மாறிக்கொண்டே இருப்பது) முறையில் பையின் ஐபிவி6 முகவரியை (நெட்வொர்க்கில் அதன் முகவரி) 30 விநாடிக்கு ஒருமுறை ஸ்கிரிப்ட் மாற்றுகிறது. ரகசியச் சாவியையும் நேரத்தையும் ஹாஷ் செய்து (கலந்து ஒரே எண்ணாக்கி) முகவரியின் கடைசி 64 பிட் வருகிறது. லேப்டாப்பிலும் அதே கணக்குதான். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் எம்க்யூடிடி தொங்கிப்போகிறது. பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓரிரு விநாடி கழித்துத்தான் வருகிறது. ரீபூட் செய்தால் கொஞ்ச நேரம் பை இருக்கிற இடமே தெரிவதில்லை.

வயரறுத்தான்:
மூன்றும் வேறு வேறு கோளாறு தம்பி.

எம்க்யூடிடி ஓடுவது டிசிபி (இணைப்பை ஏற்படுத்தி டேட்டா அனுப்பும் நெறிமுறை) மேல். இரண்டு முகவரி, இரண்டு போர்ட், இந்த நான்கையும் வைத்துத்தான் டிசிபி இணைப்பை அடையாளம் காணும். ஒன்றை அழித்தால் கதை முடிந்தது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் இதே நோக்கத்துக்குச் செய்த எம்டி6டி, பேக்கெட்டை முழுசாக யுடிபிக்குள் (இணைப்பு தேவைப்படாத நெறிமுறை) பொதிந்து வெளி முகவரியை மட்டும் மாற்றியது. உங்களுக்கு வயர்கார்டு (விபிஎன் மென்பொருள்) போதும். உள்முகவரி நிலையாக இருக்கும், பை எந்தப் புது முகவரியிலிருந்து அனுப்பினாலும் லேப்டாப் அதைப் பிடித்துக்கொள்ளும். லேப்டாப்பின் முகவரியையும் கூடவே மாற்றாதீர்கள், ஒன்றையொன்று தொலைத்துவிடும்.

பிங் தாமதம் டிஏடியால் (முகவரி இரட்டிப்புச் சோதனை). வேறு யாரும் அதே முகவரி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஏறக்குறைய 1 விநாடி காத்திருக்கும். புதியதை முதலில் சேருங்கள். பழையதை உடனே அழிக்காமல் ப்ரிஃபர்டு காலத்தைச் சுழியமாக்கி விடுங்கள், புது இணைப்புக்கு அதை எடுக்காது.

ரீபூட் சிக்கலுக்குக் காரணம், பை 4-இல் கடிகார பேட்டரி கிடையாது; நேரம் தப்பினால் முகவரிக் கணக்கும் தப்பும். என்டிபி (இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் முறை) நேரம் வந்த பிறகே ஸ்கிரிப்ட் ஓடட்டும்.

அலைவரிசை:
குறுக்கே வருகிறேன். யாரிடமிருந்து ஒளிகிறீர்கள்? டபிள்யூபிஏ2 (வைஃபை குறியாக்கம்) இருந்தால், கட்டடத்துக்கு வெளியே மானிட்டர் மோடில் (வைஃபையை ஒட்டுக்கேட்கும் நிலை) உட்கார்ந்திருப்பவனுக்கு ஐபி முகவரியே தெரியாது. ஆனால் ஃப்ரேம் தலைப்பில் மேக் முகவரி (வைஃபை கார்டின் அடையாள எண்) அப்பட்டமாகப் போகிறது, அது மாறவே இல்லை.

பைத்தம்பி:
அப்போ மேக்கையும் 30 விநாடிக்கு மாற்றலாமா?

அலைவரிசை:
வேண்டாம். டபிள்யூபிஏ2 சாவி உருவாகும்போதே இரு பக்க மேக்கும் அதில் சேர்கிறது. மாற்றினால் மறுபடி இணைந்து நான்கு வழி ஹேண்ட்ஷேக் (சாவி உருவாக்கும் நான்கு செய்திப் பரிமாற்றம்) முழுக்க நடக்க வேண்டும். பூட் ஆகும்போது மட்டும் மாற்றுங்கள். ஐபி ஆட்டம், ஏற்கெனவே நெட்வொர்க்குக்குள் வந்து ஸ்கேன் செய்பவனுக்கு எதிரானது என்று அறிக்கையில் எழுதுங்கள், வைவாவில் கேட்பார்கள்.

பைத்தம்பி:
வயர்கார்டு போட்டாயிற்று, எம்க்யூடிடி நிற்கிறது. முகவரி மாறும் நேரத்தில் பிங் ஒன்று இரண்டு விழுகிறது, அவ்வளவுதான். நன்றி அண்ணா.