பறக்கிற நிலையில் கெலி (ஹெலிகொப்டர்) மாதிரியுரு செய்தவர்கள் இருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

கல்லடியிலிருந்து:

நான் எடுத்தது பெல் 212 கெலியின் பாகங்களை ஒட்டிச் செய்கிற பெட்டி, 1:72 அளவு (உண்மையானதில் 72இல் ஒரு பங்கு). உண்மையான கெலியின் மேல் காத்தாடி 14.6 மீற்றர் அகலம். மாதிரியில் அது ஏறக்குறைய 20 சென்ரிமீற்றராகிவிடும். பெட்டிக்குள் வருபவை பெரும்பாலும் தரையில் நிற்கிற கெலிக்கான பாகங்கள். அவற்றை அப்படியே ஒட்டி ஒரு கம்பியில் குத்தி உயர்த்தினால், கெலி பறக்காது, கம்பியில் நிற்கும்.

காரணம் பாரம்தான். தரையில் நிற்கும்போது காத்தாடித் தகடுகள் தங்கள் பாரத்தால் நுனியில் சற்றுத் தொங்கும். பறக்கும்போது முழுக் கெலியையும் தூக்குவதே அந்தத் தகடுகள் என்பதால் நுனிகள் மேலே எழும்பும். தலைமுடி காயவைக்கிற மெசினால் மெல்லச் சூடுகாட்டி, ஒரு சில பாகை மேல்நோக்கி வளைத்தேன். சறுக்குக் கால்களும் அப்படித்தான்: நிலத்தில் பாரம் ஏறி அகலும், காற்றில் பாரமில்லாமல் கொஞ்சம் ஒடுங்கும். விமானிகளை உள்ளே இருத்த மறக்கவேண்டாம். ஆளில்லாமல் பறக்கிற கெலியைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

சாய்வை எப்படி வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் பக்கத்து வீட்டு மாமி வந்தா. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது போகப்போகுதா மனே, நிக்கப்போகுதா? போறதெண்டா மூக்கைக் குத்துமே" என்றா. மாமிக்குக் கெலியின் உள்விபரம் ஒன்றும் தெரியாது. ஆனால் யுத்த காலத்தில் சத்தம் கேட்டவுடன் மரத்தடிக்கு ஓடி, அண்ணாந்து பார்த்துப் பழகியவ. வட்டமடிக்குதா, விட்டுப்போகுதா என்பதை அந்த மூக்கை வைத்துத்தான் கணித்தார்களாம். எங்கள் ஊரில் ஐம்பது வயது தாண்டியவர்களிடம் காட்டாமல் சாய்வை முடிவு செய்யாதீர்கள்.

மாமி சொன்னது சரி. முன்னோக்கிப் போகக் காத்தாடி வட்டம் முன்னால் சாயவேண்டும், உடம்பும் அதோடு சாயும். ஒரே இடத்தில் நிற்பதாகக் காட்டினால் பெல் 212 இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். வால் காத்தாடி கெலியை வலப்பக்கம் தள்ளுவதால், விமானி இடப்பக்கம் சாய்த்துத்தான் அதை ஈடுகட்டுவார்.

அக்கரைப்பற்றிலிருந்து:

அண்ணன், நான் 2011 ஜனவரி வெள்ளத்தை வைத்து ஒரு காட்சி செய்கிறேன். வயலெல்லாம் கடலாகிக் கிடந்த அந்த நாட்களில் கெலிகள் சாப்பாட்டுப் பொதி கொண்டுவந்தது எனக்கு நல்ல ஞாபகம். தாங்கும் கம்பியை எங்கே ஒளிப்பது என்பதுதான் பெரிய தலையிடி. கடைசியில் வயிற்றுக்குக் கீழே இருக்கிற சுமைக் கொக்கியைப் பிடித்துக்கொண்டேன். அது கிட்டத்தட்ட மேல் காத்தாடிக்கு நேர் கீழே வருவதால், மாதிரியும் அங்கேயே சமநிலையில் நிற்கும். சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்றுக்குக் கயிறுபோல வர்ணம் தீட்டி, கீழே வலையில் கட்டிய பொதி மூட்டை. கம்பி எது, கயிறு எது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. கீழே தண்ணீரில் காற்று அடித்து விரிகிற வட்ட அலைகளையும் செதுக்கவேண்டும், அது இல்லாவிட்டால் மேலே செய்த வேலை எடுபடாது.

சுழல்வதைக் காட்டப் பலர் கண்ணாடித்தாள் வட்டம் ஒட்டுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. 212இன் காத்தாடி நிமிடத்துக்கு 324 சுற்று. செக்கனின் 250இல் ஒரு பங்கு வேகத்தில் படமெடுத்தால் தகடு 8 பாகைகூட நகர்ந்திருக்காது. புகைப்படங்களில் நுனி சற்று மங்கினாலும் தகடு தெரிகிறதே, நாம் ஏன் மறைக்கவேண்டும்?

மட்டக்களப்பு நகரிலிருந்து:

தம்பிமார், எனக்குக் கம்பியே வேண்டாம். எம்ஐ-17 கெலியைத் தங்கூசியில் (நைலோன் நூலில்) தொங்கவிட்டிருக்கிறேன், ஒன்று காத்தாடித் தண்டில், ஒன்று வாலில். வாலில் கட்டாவிட்டால் மின்விசிறி போட்டவுடன் நாள் முழுக்கச் சுற்றும். எம்ஐ-17 செய்கிறவர்கள் கவனியுங்கள்: அதன் காத்தாடி மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழி, பெல் இடஞ்சுழி. ஆகவே கல்லடித் தம்பி சொன்ன சாய்வு இதற்கு மறுபக்கம், வலது பக்கம்தான் தாழும். சக்கரக் கால்களும் காற்றில் நீண்டு தொங்கும், பெட்டியில் வருவதைவிடக் கொஞ்சம் நீட்டுங்கள்.

இன்னொன்று. விமானி அறைக் கண்ணாடிக்குச் சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், ஆவி படிந்து வெள்ளையாகிவிடும். தச்சர்கள் பாவிக்கிற வெள்ளைப் பசை போதும். மாரி மழைக்குள் வர்ணம் விசிறுகிற வேலையையும் வைத்துக்கொள்ளாதீர்கள், தை பிறந்து வெயில் எறிக்கட்டும்.