புத்தகம் பார்த்து வண்ணப் பென்சில் ஓவியம் கற்ற அனுபவங்கள்

முதல் பதிவு (திருச்சியிலிருந்து)

ஆசிரியர் எவரும் அருகில் இல்லாமல், பயிற்சி நூல்களை மட்டுமே துணையாகக் கொண்டு வண்ணப் பென்சில் ஓவியம் கற்றவர்கள் தங்கள் அனுபவங்களை இங்கே எழுத வேண்டுகிறேன். என்னுடையதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பணி ஓய்வுக்குப் பின் சென்னைக்குச் சென்றிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவல்லிக்கேணி நடைபாதையில் பரப்பியிருந்த பழைய புத்தகங்களுக்கு நடுவே, அமெரிக்காவில் அச்சான பயிற்சி நூல் ஒன்று கிடைத்தது. முதல் பாடம் ஒரு பேரிக்காய். ஏழு படிகளில் ஏழு படங்களோடு அது விளக்கப்பட்டிருந்தது. வீட்டில் பேரன் விட்டுச்சென்ற இருபத்து நான்கு பென்சில் கொண்ட பள்ளிப் பெட்டியும் ஒரு டிராயிங் நோட்டும் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டே தொடங்கினேன்.

முதல் படியில் 'ஜாஸ்மின்' என்னும் நிறத்தை மெல்லிய அடித்தளமாகப் பூசச் சொல்லியிருந்தது. மல்லிகை என்றால் நமக்கு வெள்ளைதானே? வெள்ளைத் தாளில் வெள்ளையை எதற்குப் பூசச் சொல்கிறார்கள் என்று இரண்டு நாள் குழம்பிய பிறகே, அது பிரிஸ்மாகலர் பென்சில்களில் 1012 என்னும் எண்ணுடைய இளமஞ்சள் என்பது தெரியவந்தது. நூலில் வரும் நிறப்பெயர் ஒரு நிறுவனம் தன் பென்சிலுக்கு இட்ட பெயர் மட்டுமே. அந்தப் பெயரை வைத்து வேறொரு நிறுவனத்தின் பெட்டியில் அதே நிறத்தைத் தேடக் கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

அடுத்த தடை இதைவிடப் பெரியது. மூன்றாம் படத்திலிருந்து நான்காம் படத்துக்கு எவ்வளவு முயன்றும் என்னால் போக முடியவில்லை. நூலில் பேரிக்காய் திரண்டு உருண்டு நிற்க, என் தாளில் அது தட்டையாகவே கிடந்தது. மேலும் அழுத்தினேன், மூன்று பூச்சுக்குப் பின் தாள் வழுக்கத் தொடங்கி, நிறம் ஏற மறுத்துவிட்டது. காரணங்கள் இரண்டு என்பது பின்னரே விளங்கியது. பள்ளிப் பென்சிலில் மெழுகும் களிமண்ணும் மிகுந்து நிறமி குறைவாக இருப்பதால், பூச்சின் மேல் பூச்சு ஏறுவதில்லை. டிராயிங் நோட்டின் தாளிலோ நிறத்தைப் பிடித்து வைக்கும் சொரசொரப்பு மிகக் குறைவு. முந்நூறு ஜிஎஸ்எம் கனமுள்ள, ஹாட் பிரஸ்டு என்று கேட்டால் கடையில் கொடுக்கும் வாட்டர்கலர் தாளுக்கும், எண்ணெய் கலந்து செய்யப்படும், ஃபேபர்-காஸ்டெல் நிறுவனத்தின் பாலிகுரோமோஸ் பென்சில்களில் முப்பத்தாறு கொண்ட பெட்டிக்கும் மாறியபோது, அதே கையால் பத்துப் பூச்சுகள் வரை ஏற்ற முடிந்தது. இரண்டு படங்களுக்கு நடுவே அத்தனை பூச்சுகள் ஒளிந்திருந்ததை நூல் ஒரே வரியில், 'மெல்ல அடர்த்தி கூட்டுக' என்று முடித்துவிட்டிருந்தது.

எந்த நூலாலும் முழுமையாகச் சொல்லிவிட முடியாதது அழுத்தம் என்றே கருதுகிறேன். 'மிக மெல்லிய அழுத்தம்' என்ற சொற்களைப் படிக்கலாம். கைக்கு அது எட்டுவதற்கு எனக்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. பென்சிலின் கடைக்கோடியைப் பிடித்து, அதன் சொந்த எடை மட்டும் தாளில் படுமாறு சிறுசிறு வட்டங்களாக ஓட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. முனை எப்போதும் கூர்மையாக இருக்க வேண்டும்; மழுங்கிய முனை தாளின் மேடுகளை மட்டும் தடவிச் செல்ல, பள்ளங்கள் வெள்ளைப் புள்ளிகளாக எஞ்சிவிடும். ஷார்ப்பனரை நான் கீழே வைப்பதே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூலின் படத்தை ஒருநாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பேரிக்காயின் பச்சை அங்கே பச்சையாக இல்லை. நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு, கறுப்புப் புள்ளிகளின் கூட்டமாக இருந்தது. நான்கு மைகளில் அச்சான நிறத்தை நூலாசிரியரின் தாளில் இருந்த நிறம் என்று நம்பி, அதைப் பிடிக்க நான் மாதக்கணக்கில் முயன்றிருக்கிறேன். அன்று முதல் என்னிடமுள்ள ஒவ்வொரு பென்சிலையும், நான் வரையும் அதே தாளில், மெலிதாகவும் நடுத்தரமாகவும் அழுத்தமாகவும் மூன்று கட்டங்களில் பூசி ஓர் அட்டவணை வைத்திருக்கிறேன். நூலிலிருந்து எந்த வரிசையில் பூசுவது என்பதை எடுத்துக்கொள்கிறேன். நிறத்தை என் அட்டவணையே சொல்கிறது.

அதன் பிறகு பேரிக்காயை விட்டுவிட்டு, சன்னலோரம் ஒரு கத்தரிக்காயை வைத்தேன். வெளிச்சம் பட்டு மின்னும் இடத்தைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவைக்க வேண்டும், இளநிறத்திலிருந்து அடர்நிறத்துக்குச் செல்ல வேண்டும், நிழலுக்குக் கறுப்பை மட்டும் நம்பக் கூடாது என்று பேரிக்காய்ப் பாடம் சொன்ன எல்லாமே கத்தரிக்காய்க்கும் பொருந்தின. அந்த மின்னல் தூய வெள்ளையாக இல்லாமல் வானத்தின் நீலத்தைச் சிறிது ஏந்தியிருந்ததை மட்டும் நானே கண்டுகொண்டேன். அந்தப் படத்துக்கு இருபத்தெட்டு மணி நேரம் ஆயிற்று.

மறுமொழி (மதுரையிலிருந்து)

ஐயா எழுதிய நிற அட்டவணையைப் படித்ததும் என் அம்மாவின் படம் நினைவுக்கு வந்தது.

நான் வைத்திருந்த மூன்று நூல்களிலும் முகம் வரைவதற்குத் தனி அத்தியாயம் உண்டு. மூன்றிலுமே மாதிரி முகங்கள் பெரும்பாலும் வெளுத்த தோலுடையவை. க்ரீம், பீச், இளஞ்சிவப்பு என்றுதான் தோலின் நிறவரிசை தொடங்கும். கருந்தோலுக்கு ஒரு நூலில் அரைப் பக்கம் இருந்தது. அதுவும் அதே வரிசையின் மேல் பழுப்பை அழுத்தமாகப் பூசச் சொன்னது. அவ்வாறே பூசினேன். நல்ல கறுப்பு நிறமும், மஞ்சள் தேய்த்துக் குளித்த பளபளப்பும் கொண்ட என் அம்மாவின் முகம் தாளில் சேறு படிந்ததுபோல் வந்தது. அந்தத் தாளை அம்மாவிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

மீண்டும் தொடங்கியபோது நூலை மூடிவிட்டு, மாலை வெயிலில் அம்மாவைத் திண்ணையில் உட்காரச் சொல்லி ஒரு மணி நேரம் வரையாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கன்னத்தின் நிழலில் பழுப்பைவிட ஊதாவும் கருநீலமும் மிகுந்திருந்தன. நெற்றியின் ஒளியில் வான்நீலம் தெரிந்தது. சேலையின் அரக்குச் சிவப்பு தாடையின் கீழே எதிரொளித்தது. பாலிகுரோமோஸில் 157 எண்ணுள்ள டார்க் இண்டிகோ என்ற கருநீலத்தையும் ஓர் ஊதாவையும் முதலில் நிழல் வடிவமாக மெல்லப் பூசி, அதன் மேல் 283 பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை முகம் முழுவதும் படரவிட்டு, 177 வால்நட் பிரவுனால் ஆழத்தைக் கூட்டினேன். ஒளிவிழும் இடங்களில் 187 பர்ன்ட் ஓக்கர் என்ற மண்ணிறம் மட்டும். வண்ணப் பென்சில் ஒளி ஊடுருவும் பொருள் என்பதால், அடியிலுள்ள நீலம் பழுப்பின் வழியே மேலே எட்டிப் பார்க்கிறது. தோலுக்கு உயிர் தருவது அதுதான். அடுக்குகளைப் பற்றிய இந்த அறிவை எனக்குக் கொடுத்தவை அதே நூல்கள்தாம் என்பதையும் நன்றியோடு சொல்கிறேன். ஆனால் நம் மனிதர்களின் தோலை நாமே பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அந்தப் படத்தை அம்மாவிடம் கொடுத்தேன். "மூக்குத்தியைக்கூட விடலையேடி" என்றார்.

மறுமொழி (நாகர்கோவிலிலிருந்து)

நூலின் கடைசிப் பக்கங்களைப் படிக்காமல் விட்டதால் நேர்ந்ததை நான் எழுதுகிறேன். என் தாமரைப் படத்தைச் சட்டமிட்டு மேற்குச் சுவரில் மாட்டியிருந்தேன். இரண்டு ஆண்டுகளில் இதழ்களின் இளஞ்சிவப்பு ஏறக்குறைய முழுவதும் போய்விட, இலைகளின் பச்சை மட்டும் அப்படியே இருந்தது. வெளிச்சத்தில் நிறம் மங்குவதைப் பற்றிய அத்தியாயம் என் நூலின் இறுதியில் இரண்டு பக்கங்களில் இருந்தது. வரைவதற்கு உதவாத பகுதி என்று நினைத்துத் தாண்டிச் சென்றிருந்தேன்.

இளஞ்சிவப்புகளிலும் ஊதாக்களிலும் பல விரைவில் மங்கக்கூடியவை. நிறம் மங்காத தன்மையைக் காட்டப் பென்சிலின் உடலில் உள்ள நட்சத்திரக் குறிகளையோ, வண்ணப் பென்சில்களுக்கான ஏஎஸ்டிஎம் டி 6901 என்ற அமெரிக்கத் தரநிலைப்படி கொடுத்த மதிப்பையோ பார்த்து வாங்கலாம். அத்தகைய குறி இல்லாத பென்சில்களுக்கு இப்போது நானே சோதனை செய்கிறேன். ஒரு நீளத் துண்டுத் தாளில் நிறங்களை வரிசையாகப் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலில் ஒட்டி, மாதம் ஒருமுறை அட்டையைத் தூக்கி ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மதுரைச் சகோதரி தம் அம்மாவின் படத்தில் பூசிய அந்த ஊதாவின் எண்ணைத் தெரிவித்தால், என் அடுத்த துண்டில் அதையும் சேர்த்துக்கொள்கிறேன். அதுவரை அந்தப் படத்தை வெயில் விழாத சுவரில் மாட்டிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.