பேஸ் கிதார் 'ஈ' கம்பி டியூனிங் போஸ்ட்லயே அறுந்து போகுது, காரணம் என்ன?

அஸ்தம்பட்டி_பேஸ்:
வணக்கம். 4 கம்பி பேஸ், 30 இஞ்ச் ஸ்கேல் (கம்பி அதிர்ற நீளம்), நாலு கீயும் (சுருதி கூட்டுற திருகு) ஹெட்டுல ஒரே பக்கம். நிக்கல் ரவுண்ட்வுண்ட் (எஃகு மேல உருண்டைக் கம்பி சுத்தினது), 45–105 செட் (தடிமன், இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல). 'ஈ' கம்பி போஸ்ட்டுல (கீயோட தண்டு) சுத்துற முதல் சுத்துலயே அறுந்துடுது. புது செட் போட்டும் அதே இடம்தான். 'ஏ' கம்பியில அந்த இடத்துல மேல் சுருள் பிரிஞ்சு நிக்குது. 'டி', 'ஜி' ரெண்டுக்கும் ஒண்ணும் ஆகல. சர்ச்சுல சில பாட்டுக்கு அரை ஸ்கேல் (சுருதியில ஒரு ஃப்ரெட் அளவு) ஏத்தி டியூன் பண்றதுண்டு. வேற கம்பெனி கம்பி வாங்கணுமா, கீயவே மாத்தணுமா?

செவ்வாய்ப்பேட்டை_கிதார்_சர்வீஸ்:
ரெண்டும் வேண்டாம், முதல்ல போஸ்ட்டைப் பாருங்க. கம்பி வெளிய வர்ற பள்ளத்தோட விளிம்புல பஞ்சை வெச்சு இழுங்க. நூல் மாட்டினா அங்க பிசிறு இருக்கு. குரோம் பூச்சு உரிஞ்சு நின்னாலும் பிளேடு மாதிரி வெட்டும்.

கீயைக் கழட்டி எடுத்துட்டு வேலை பாருங்க. கிதார்லயே வெச்சு அரம் போட்டா இரும்புத்தூள் பிக்கப் காந்தத்துல ஒட்டிக்கும், அதை எடுக்கிறது பெரும்பாடு. உருண்டையான ஊசி அரம் போதும், இங்க வெள்ளிப் பட்டறைச் சாமான் விக்கிற கடைகள்ல கேளுங்க. விளிம்பை லேசா உருட்டி விட்டாப் போதும், பள்ளத்தை ஆழப்படுத்தக் கூடாது. அப்புறம் 600, 1000 நம்பர் தண்ணி எமரி, கடைசியா மெட்டல் பாலிஷ். மறுபடி பஞ்சு வெச்சுப் பாருங்க, மாட்டக் கூடாது.

நட்டையும் (கழுத்து ஹெட்டைத் தொடுற இடத்துல கம்பி பதியுற பள்ளம் போட்ட பட்டை) விட்டுடாதீங்க. அதுல கம்பி இறுக்கமா உக்காந்திருந்தா, கீயைத் திருப்புற இழுவை முழுசா வாசிக்கிற பக்கம் வந்து சேராது. நட்டுக்கும் போஸ்ட்டுக்கும் நடுவுல மட்டும் இழுவை ஏறும், திடீர்னு 'டிக்'னு சத்தம் வந்து சுருதி தாவும். அந்தச் சத்தம் கேட்டா நட் பள்ளத்துல பென்சில் கரியைத் தேய்ங்க. அப்பவும் கேட்டா பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தணும்.

ஏற்காடு_லோ_எண்ட்:
பிசிறு இருக்கலாம். ஆனா 'டி', 'ஜி' நல்லா இருக்குன்னு சொல்றாரே, எனக்குச் சந்தேகம் கம்பி நீளத்து மேலதான். பிரதர், பிரிட்ஜ்ல மாட்டுற பந்து முனையில இருந்து நட் வரைக்கும், ஒவ்வொரு போஸ்ட் வரைக்கும், அப்புறம் கம்பி நுனியில கலர் நூல் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் டேப் வெச்சு அளந்து போடுங்க.

அஸ்தம்பட்டி_பேஸ்:
நட் 32 இஞ்ச். போஸ்ட் எல்லாம்: ஈ 34, ஏ 35½, டி 37, ஜி 38½. நூல் நாலு கம்பியிலயும் 36-ல ஆரம்பிக்குது.

ஏற்காடு_லோ_எண்ட்:
விஷயம் இதுதாங்க. இது 34 இஞ்ச் பேஸுக்கான லாங் ஸ்கேல் செட். 'டி', 'ஜி' போஸ்ட்டுக்கு வர்றதுக்குள்ள நூல் பகுதி வந்துடுது, அது மெலிசு, நல்லா வளையும். 'ஈ', 'ஏ' ரெண்டும் முழுத் தடிமனோட போஸ்ட்டைச் சுத்துது. 105 கம்பியில நடு எஃகு மேல அடுக்கடுக்கா சுருள் இருக்கு. அதை அவ்வளவு சின்ன வட்டத்துல மடக்கினா வெளிப்பக்கச் சுருள் வாயைப் பிளக்கும், உள்ள இருக்கிற எஃகு அந்த ஒரே புள்ளியில ஒடியும். எந்தக் கம்பெனி கம்பி போட்டாலும் இதே கதைதான். சுருளைப் பிரிச்சு மெலிசாக்கலாம்னு சிலர் சொல்வாங்க, அதைச் செய்யாதீங்க. உள் கம்பி உருண்டையா இருந்தா சுருள் முழுநீளத்துக்கும் தளர்ந்து கம்பி செத்துடும்.

ஷார்ட் ஸ்கேல் செட் வாங்குங்க. பேர் மட்டும் பாத்து வாங்காதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். உங்க கிதாருக்கு நூல் 32½-க்கும் 33½-க்கும் நடுவுல ஆரம்பிக்கணும். நட்டு மேலயே நூல் உக்காந்தா திறந்த கம்பி (ஃப்ரெட் அழுத்தாம வாசிக்கிறது) மொத்தையா ஒலிக்கும். சேலத்துல கிடைக்கலன்னா ஆன்லைன்ல போடுங்க, நீளத்தைக் கேட்டுட்டு.

மாட்டும்போது கம்பியை போஸ்ட் தாண்டி நேரா இழுத்து, 11–12 செ.மீ. விட்டு, அந்த இடத்துல பிளையரால 90 டிகிரிக்கு மடக்குங்க. மடக்கின பிறகுதான் வெட்டணும், மடிப்புக்கு அப்பால போஸ்ட் துளை ஆழத்துக்கு மட்டும் விட்டு. முதல்ல வெட்டினா சுருள் நழுவும். நுனியைத் துளையில இறக்கி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம கீழ்நோக்கிச் சுத்துங்க. 'ஈ'க்கு ரெண்டரை, மூணு சுத்து போதும். மாட்டும்போது கம்பியை முறுக்கிடாதீங்க.

சேர்வராயன்_கொயர்:
அரை ஸ்கேல் ஏத்துற விஷயம். சுருதி அரை ஏறினா இழுவை சுமார் 12 சதவீதம் கூடும், முழு ஸ்கேல்னா 26. அதை விட மோசம், பாட்டுக்குப் பாட்டு ஏத்தி இறக்குறது. மடிஞ்ச இடத்துக்கே திரும்பத் திரும்ப வேலை போய் உலோகம் களைச்சுடும். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் (பட்டன்ல சுருதி மாத்துறது) போட்டா நீங்க ஒரு ஃப்ரெட் தள்ளி வாசிங்க, கீயைத் தொடவே வேண்டாம்.

போன் டியூனர்ல 'ஈ' பாக்கிறீங்கன்னா, திறந்த 'ஈ' 41 ஹெர்ட்ஸ்தான், போன் மைக்குக்குச் சரியா எட்டாது. முள் ஆடுறதைப் பாத்து மேல மேல முறுக்குவோம். 12-வது ஃப்ரெட் ஹார்மோனிக் (ஃப்ரெட் மேல கம்பியை அழுத்தாம லேசாத் தொட்டு மீட்டுறது) வாசிச்சு டியூன் பண்ணுங்க.

அறுந்த முனையையும் ஒருதடவை பாருங்க. பளிச்சுனு இருந்தா மடிப்பால ஒடிஞ்சது. பழுப்பா இருந்தா துரு. மலை மேல பனிமூட்டக் காலத்துல அந்த நூல் ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்கும், துரு உள்ள பிடிக்கிறது கண்ணுக்குத் தெரியாது. ஏற்காட்டுல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்ததும் கேஸைத் திறந்தா, சில்லுனு இருக்கிற கம்பி மேல நீர் பூக்கும். அரை மணி நேரம் மூடியே வெச்சுட்டுத் திறங்க. கேஸ்ல ஹெட் பக்கம் ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க.