நீலகிரியில் இருந்துகொண்டு தொழிலக சுகாதார (இண்டஸ்ட்ரியல் ஹைஜீன்) வேலைக்கு நுழைவது எப்படி?

கோத்தகிரி வேதியியல்:
எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, குன்னூர் அருகே ஒரு சிடிசி (இலையை உருளைகளுக்கு இடையில் நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை) தேயிலை ஃபேக்டரியின் தரக்கட்டுப்பாட்டு லேபில் 2 வருடமாக இருக்கிறேன். வேலையிடக் காற்றில் உள்ள தூசி, ரசாயன ஆவி, இரைச்சல் ஆகியவற்றை அளந்து, தொழிலாளிக்குக் கேடு வராமல் தடுக்கும் வேலைக்குப் போக ஆசை. வேலைத் தளங்களில் 'இண்டஸ்ட்ரியல் ஹைஜீனிஸ்ட்' என்று தேடினால் ஒன்றிரண்டுதான் வருகிறது, மற்றதெல்லாம் பாதுகாப்பு அதிகாரி வேலை. மலையிலேயே இப்படி வேலை கிடைக்குமா, கீழே இறங்கித்தான் ஆக வேண்டுமா? எந்தப் படிப்பு உண்மையில் பயன்படும்? இப்போதைய வேலையை விடாமல் என்ன தயாரிப்பு செய்யலாம்?

மாதிரிக்குழாய்:
முதல்ல தேடுற சொல்லை மாத்துங்க. இங்கே இந்த வேலை 'இஹெச்எஸ் (சுற்றுச்சூழல், சுகாதாரம், பாதுகாப்பு) எக்சிகியூட்டிவ்', 'ஆக்குபேஷனல் ஹைஜீன்', 'எக்ஸ்போஷர் அசெஸ்மென்ட்', 'ஒர்க்பிளேஸ் மானிட்டரிங்'னு வேற வேற பேர்ல வருது. தலைப்பை விட்டுட்டு விளம்பரத்தோட உள்ளடக்கத்தைப் படிங்க. 'பர்சனல் சாம்ப்ளிங்' (தொழிலாளி மேலேயே பம்ப் மாட்டி மாதிரி எடுக்கிறது), 'நாய்ஸ் டோசிமெட்ரி' (ஒருத்தர் நாள் முழுக்க வாங்குற இரைச்சலை அளக்கிறது), 'லோக்கல் எக்ஸாஸ்ட்' (தூசியை வர்ற இடத்துலயே உறிஞ்சுறது) இதுல ஒண்ணு இருந்தாலும் அது நீங்க தேடுற வேலைதான். ஒர்க் பர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு), டூல்பாக்ஸ் டாக் (வேலைக்கு முன்னாடி நடக்கிற பாதுகாப்புப் பேச்சு), விபத்துப் பதிவேடு மட்டும் இருந்தா பாதுகாப்பு அதிகாரி வேலை.

ஆள் எடுக்கிறவங்க மூணு வகை. என்ஏபிஎல் (சோதனைக் கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற சோதனைக் கூடங்கள்தான் அனுபவம் குறைஞ்சவங்களுக்கு முதல் வாசல். பம்ப்பைத் தூக்கிட்டு ஆலை ஆலையாப் போய் மாதிரி எடுக்கணும், மாசத்துல பாதி நாள் வெளியூர்தான். அதுக்குப் பயந்துடாதீங்க, கை பழகுறது அங்கேதான். அடுத்து ஆலோசனை நிறுவனங்கள். மூணாவது பெரிய ஆலைகளே. அதுல மருந்து மூலப்பொருள் ஆலைகளை நீங்க தனியாக் கவனிக்கணும். வீரியமான மருந்துப் பொடிகளுக்கு வரம்பே கன மீட்டருக்கு மைக்ரோகிராம் கணக்குல இருக்கும். அதனால ஹெச்பிஎல்சி (கலவையைப் பிரிச்சு அளக்கிற லேப் கருவி) தெரிஞ்ச, ஸ்வாப் (பரப்பைத் துடைச்சு எடுக்கிற மாதிரி) எடுக்கத் தெரிஞ்ச வேதியியல்காரருக்கு அங்கே மதிப்பு.

மலையிலன்னா, இதுக்குன்னே தனிப் பதவி கிடைக்கிறது ரொம்ப அரிது. அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி 2021-லிருந்து மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ வருது. அமிலம், கரைப்பான், வெடிபொருள் கையாளுற இடம், அதனால அவங்க ஆள்சேர்ப்பு அறிவிப்பை மட்டும் தவறாம பாருங்க. தேயிலை ஃபேக்டரிகள் தனி ஹைஜீனிஸ்ட் வைக்கமாட்டாங்க. தேவைப்பட்டா லேபைக் கூப்பிட்டு அளப்பாங்க. அதனால கோயம்புத்தூரை மையமா வெச்சுக்கோங்க. ஃபவுண்டரிகள்ல சிலிகா, நூற்பாலைகள்ல பஞ்சுத் தூசி, எல்லா இடத்துலயும் இரைச்சல்னு அங்கே அளக்க வேண்டியது நிறைய இருக்கு. அடுத்த அடுக்கு ஓசூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்.

பிரிவு நாற்பத்தொன்று:
படிப்பைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு பாதைகளைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

பாதுகாப்பு அதிகாரி என்பது சட்டம் வரையறுத்த பதவி. தொழிற்சாலைச் சட்டம் 1948-இன் கீழ் வந்த விதிகளில் பொறியியல் பட்டதாரிக்கு 2 ஆண்டு மேற்பார்வை அனுபவம் போதும், இயற்பியல் அல்லது வேதியியல் பட்டதாரிக்கு 5 ஆண்டு தேவை. இருவருக்குமே தொழிலகப் பாதுகாப்பில் அங்கீகரிக்கப்பட்ட டிப்ளமோ கட்டாயம். எனவே உங்கள் 2 ஆண்டை வைத்து இப்போதே அந்த டிப்ளமோவுக்குப் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். லேபில் இருந்த காலம் 'மேற்பார்வை' என்று சான்றிதழில் வருமா என்பதையும் முன்னதாகவே நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள். பலர் மாட்டிக்கொள்வது அந்த ஒரு சொல்லில்தான்.

பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பு 2020, கடந்த 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தொழிற்சாலைச் சட்டம், தோட்டத் தொழிலாளர் சட்டம் உட்பட 13 சட்டங்கள் அதில் அடங்கிவிட்டன. பழைய சட்டத்தில் பாதுகாப்பு அதிகாரி 1,000 தொழிலாளர் இருந்தால்தான் பொதுவாகக் கட்டாயம். இப்போது தொழிற்சாலைக்கு 500, அபாயகரச் செயல்முறை உள்ள இடத்துக்கு 250. நடுத்தர ஆலைகளிலும் இடங்கள் திறக்கும் என்பதால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஹைஜீனிஸ்ட் பாதை வேறு. அதற்குச் சட்டப் பதவி இல்லை, திறமைதான் சான்று. முதுநிலைப் படிப்பு வேண்டுமென்றால் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவிலும், குஜராத்தின் வல்லப் வித்யாநகரிலும் தொழிலக சுகாதாரத்துக்கென்றே எம்.எஸ்சி. நடத்துகிறார்கள். ஆனால் உங்களிடம் ஏற்கெனவே எம்.எஸ்சி. இருக்கிறது, இரண்டாவது தேவையில்லை என்பது என் கருத்து. ஓஹெச்டிஏ என்ற சர்வதேச தொழிலக சுகாதாரப் பயிற்சி அமைப்பின் பாடங்களை எடுங்கள், அவற்றுக்கு எண்கள்தான் பெயர். 201 அடிப்படை. 501 அபாயப் பொருள் அளவீடு, 503 இரைச்சல், 505 கட்டுப்பாட்டு முறைகள், 507 உடல்நல விளைவுகள். பாடப் புத்தகங்களை அவர்கள் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தேர்வுக்கும் வகுப்புக்கும்தான் கட்டணம். முதலில் 201, 501 இரண்டையும் சொந்தமாகப் படித்து முடித்துவிட்டு, 501-க்கு மட்டும் வகுப்புக்குப் போங்கள், கருவியைக் கையில் தொடும் வகுப்பு அது. அமெரிக்க சிஐஹெச் (சான்று பெற்ற ஹைஜீனிஸ்ட்) சான்றிதழ் பின்னால் வரவேண்டியது. பட்டம், 180 மணி நேரத் துறைப் பாடம், 4 ஆண்டுத் துறை அனுபவம் இருந்தால்தான் தேர்வெழுத விடுவார்கள்.

சென்னை தரமணியிலுள்ள, மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் மண்டலத் தொழிலாளர் நிலையத்தின் குறுகிய காலப் பயிற்சிகளையும் பார்த்துக்கொண்டிருங்கள். மும்பை சயனில் அதே அமைச்சகத்தின் மத்திய நிலையம் உள்ளது.

கேசட் 37:
நேர்முகத்தில் உங்களைத் தனியாகக் காட்டப்போவது சான்றிதழ் அல்ல. 'மாதிரி எப்படி எடுப்பாய்' என்ற கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்ல வேண்டும். சுவாசப்பாதையின் ஆழம்வரை போகும் தூசிக்கான வரிசை இது: முன்னெடை பார்த்த 5 மைக்ரான் பிவிசி ஃபில்டர், கேசட் (ஃபில்டரைப் பிடிக்கும் கூடு), சைக்ளோன் (பெருந்தூசியைச் சுழற்றிப் பிரிக்கும் கருவி), பம்ப். அலுமினிய சைக்ளோன் என்றால் நிமிடத்துக்கு 2.5 லிட்டர், நைலான் டார்-ஆலிவர் என்றால் 1.7. இரண்டையும் மாற்றிப் போட்டால் சைக்ளோன் வெட்டும் துகள் அளவே மாறிவிடும், அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. கேசட்டின் வாய் மூக்கிலிருந்து 30 செ.மீ.க்குள், காலரில் இருக்க வேண்டும். வேலை முடியும்வரை, கழற்றிய பிறகும்கூட, சைக்ளோனைத் தலைகீழாகத் திருப்பக் கூடாது. கீழே கிண்ணத்தில் விழுந்த பெருந்தூசி ஃபில்டர் மேல் கொட்டி, முடிவு பொய்யாக ஏறிவிடும். புதியவர்கள் அதிகம் கெடுப்பது இந்த ஓர் இடத்தில்தான். பம்ப்பின் ஓட்டத்தை லேபிலேயே ஒருமுறை அளந்து வைத்துவிட்டு, ஆலையில் ரோட்டாமீட்டரை (உள்ளே மிதவை உயர்ந்து காற்றோட்டத்தைக் காட்டும் குழாய்) வைத்துச் சரிபார்த்தால் போதும். முன்னும் பின்னும் எடுத்த ஓட்ட அளவு 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த மாதிரியைத் தள்ளிவிடுங்கள்.

உயரமும் அழுத்தமும்:
கேசட் 37 ரோட்டாமீட்டர் பற்றிச் சொன்னது சமவெளிக்குச் சரி, மலைக்குச் சரிவராது. அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பிழை அறிக்கைக்குள் போய்விட்டால் யார் கண்ணிலும் படாது.

கோயம்புத்தூர் சுமார் 410 மீட்டர், காற்றழுத்தம் ஏறக்குறைய 96.5 கிலோபாஸ்கல். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், 81 கிலோபாஸ்கல். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், 77. ரோட்டாமீட்டர் காற்றின் அடர்த்தியை நம்பி இயங்கும் கருவி. கீழே அளவு குறித்த ரோட்டாமீட்டரைக் குன்னூரில் வைத்தால், உண்மை ஓட்டம் அது காட்டுவதைவிட அழுத்த வேறுபாட்டால் மட்டும் 9 சதவீதம் அதிகம். குளிரைக் கணக்கில் சேர்த்தாலும் 7 சதவீதம் நிற்கும். 5 சதவீத விலகலுக்கு மாதிரியைத் தள்ளுகிறவர் இதை விட்டுவிடக் கூடாது. எனவே சோப்புப் படல பியூரெட் அல்லது உலர் பிஸ்டன் கருவியை மலைக்கு எடுத்துச் சென்று, மாதிரி எடுக்கும் ஆலையிலேயே முன்னும் பின்னும் அளக்க வேண்டும். டிஜிட்டல் கருவிகளில் 'ஸ்டாண்டர்டு' ஓட்டம், 'ஆக்சுவல்' ஓட்டம் என இரண்டு தெரிவு இருக்கும். ஆக்சுவலில் வையுங்கள். ஸ்டாண்டர்டில் வைத்தால் கடல்மட்டக் கணக்கைக் காட்டும்.

ஆவிகளுக்கும் இதே கவனம் தேவை. பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கன மீட்டருக்கு மி.கி.யாக மாற்ற எல்லோரும் போடும் 24.45 என்ற எண் 25 டிகிரி, 760 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு உரியது. குன்னூரில் 18 டிகிரியில் அது ஏறக்குறைய 30. நிறம் மாறும் டிடெக்டர் குழாயின் அளவை 760-ஐ அங்குள்ள அழுத்தத்தால் வகுத்த எண்ணால் பெருக்க வேண்டும். குன்னூரில் அது 1.25. டிரையர் அடுப்பருகே கார்பன் மோனாக்சைடு குழாய் 20 காட்டினால் உண்மையில் 25 பிபிஎம், அதாவது ஏசிஜிஐஹெச் (வரம்புகளைப் பரிந்துரைக்கும் அமெரிக்க அமைப்பு) வைத்திருக்கும் 8 மணி நேர வரம்பை அது தொட்டுவிட்டது. அந்த அடுப்புக்கு முன்னால் ஒரு மனிதர் விறகு தள்ளிக்கொண்டிருக்கிறார் என்பதை மனதில் வையுங்கள்.

மூடுபனி நாட்களில் ஒளிச்சிதறல் தூசிமானியை நம்பாதீர்கள். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் நீர்த்துளியையும் தூசியாக எண்ணும். தேயிலைத் தூளே ஈரத்தை இழுப்பது. ஃபில்டரை எடை போடும் முன் தராசு அறையிலேயே ஓர் இரவு திறந்து வைத்து நிலைப்படுத்துங்கள், வெற்று ஃபில்டர் குறைந்தது இரண்டு கூடவே போய் வரட்டும்.

கேசட் 37:
ஒப்புக்கொள்கிறேன். ரோட்டாமீட்டர் பற்றி நான் சொன்னதை மலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோத்தகிரி வேதியியல்:
இது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத விஷயம், மிக்க நன்றி. எங்கள் ஃபேக்டரியிலேயே நிர்வாக அனுமதியோடு ஒரு சிறு ஆய்வு செய்து, அதை நேர்முகத்தில் காட்டலாம் என்று நினைக்கிறேன். எங்கே தொடங்குவது? நேர்முகத்தில் என்ன கணக்கு கேட்பார்கள்?

மாதிரிக்குழாய்:
இரைச்சல்ல தொடங்குங்க, கருவி வாடகைக்குக் கிடைக்கும், லேப் செலவு இல்லை. சிடிசி வரிசை, இலை வாட்டுற டிரஃப் விசிறி, சலிப்பு அறை, அப்புறம் எல்லாரும் மறந்துடுற ரோலர் பல் வெட்டுற பட்டறை. அங்கே உருளை துருப்பிடிக்காத எஃகு, அதனால குரோமியம், நிக்கல் துகள் பத்தியும் ஒரு குறிப்பு எழுதுங்க. தூசிக்கு சலிப்பு அறையும் பேக்கிங்கும் போதும்.

ஒரே வேலை செய்யுறவங்களை ஒரு குழுவாப் பிரிச்சு, குழுவுக்கு 6 மாதிரியாவது எடுங்க. ஒரு நாள், ஒரு ஆள் அளவை வெச்சு யாரும் முடிவெடுக்க முடியாது. அன்னிக்கு எத்தனை கிலோ பச்சை இலை வந்துச்சு, எந்த ஜன்னல் திறந்திருந்துச்சு, எந்த விசிறி ஓடலைன்னு எழுதி வைங்க. அந்தக் குறிப்பு இல்லாத எண்ணை ரெண்டு மாசம் கழிச்சு உங்களாலேயே விளக்க முடியாது.

பிரிவு நாற்பத்தொன்று:
கணக்குகள் பெரும்பாலும் இவைதான். பம்ப் 2.5 லிட்டரில் 480 நிமிடம் ஓடினால் 1.2 கன மீட்டர். ஃபில்டர் எடை 0.96 மி.கி. கூடினால் 0.8 மி.கி./கன மீட்டர். சிலிகாவுக்கு பழைய 1948 சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருந்த சூத்திரம்: 10-ஐ, குவார்ட்ஸ் சதவீதம் கூட்டல் 2-ஆல் வகுக்க வேண்டும். 10 சதவீதக் குவார்ட்ஸ் என்றால் வரம்பு 0.83, எனவே மேலே உள்ள 0.8 அந்தச் சட்ட வரம்புப்படி தேறிவிடும். ஆனால் அதில் குவார்ட்ஸ் மட்டும் 0.08 மி.கி. இருக்கிறது, ஏசிஜிஐஹெச் சொல்வதோ 0.025. அதைவிட மூன்று மடங்குக்கு மேல். 'சட்ட வரம்புக்குள் இருக்கிறது' என்று சொல்லி நிறுத்துகிறவரா, அடுத்த வரியையும் சொல்கிறவரா என்றுதான் கேட்பவர் பார்க்கிறார்.

இலை அதிகம் வரும் மாதங்களில் உங்கள் ஃபேக்டரியில் 12 மணி நேர ஷிப்ட் ஓடினால், ரசாயன வரம்பைப் பிரீஃப்-ஸ்காலா (நீண்ட ஷிப்டுக்கு வரம்பைக் குறைக்கும் கணக்கு) முறைப்படி பாதியாக்க வேண்டும். இரைச்சலுக்கு 3 டெசிபல் விதிப்படி (3 டெசிபல் கூடினால் அனுமதி நேரம் பாதி) 8 மணி நேரத்துக்கான 85 என்பது 83.2 ஆகும். டோசிமீட்டரில் அந்த விதியை 3 டெசிபலாக வைத்தீர்களா 5 டெசிபலாக வைத்தீர்களா என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

பம்ப் மாட்டிக்கொண்டவர்களின் பெயர் அறிக்கையில் வரக் கூடாது, வேலையின் பெயர் போதும். அவரவர் முடிவை அவரவரிடம் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நிர்வாகத்திடம் அனுமதி வாங்கும்போதே இதையும் எழுத்தில் சேர்த்து வாங்குங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.