முக நரம்பு வலிக்கு காமா நைஃப்: ஸ்கேன் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்கிற முக நரம்பு வலி. வலது கன்னத்திலும் கீழ்த்தாடையிலும் மின்சாரம் பாய்வது போல வெட்டி இழுக்கிறது. பல் துலக்கவும் சோறு மெல்லவும் பயப்படுகிறார். ஃபேன் காற்று முகத்தில் பட்டாலே போதும், துடித்துப் போகிறார். கார்பமாசெபின் என்கிற நரம்பு வலி மாத்திரை முதலில் நன்றாகக் கேட்டது. இப்போது அளவைக் கூட்டினால் சோடியம் இறங்கித் தலைசுற்றுகிறது. இதய நோய் இருப்பதால் மண்டையைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை வேண்டாம், கத்தி வைக்காமல் கதிர்வீச்சைக் குவித்துச் செய்யும் காமா நைஃப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

மூளைத்தண்டுக்குப் பக்கத்தில், சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள நரம்பில், 4 மி.மீ. கதிர்க்கற்றையால் ஒரே அமர்வில் 70 முதல் 90 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை கொடுப்பார்கள். இடம் துல்லியமாக அமைய ஸ்கேன்தான் ஆதாரம். ஃபியஸ்டா, சிஸ் வகை எம்.ஆர்.ஐ. படங்களில் நரம்பும் அதை அழுத்தும் ரத்தக்குழாயும் தெளிவாகத் தெரியும் என்கிறார்கள். நரம்பிழைகளின் போக்கைக் காட்டும் டி.டி.ஐ. ஸ்கேனையும் சேர்த்துக் குறி வைப்பது பற்றிப் படித்தேன். உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்காவதோ அப்படிச் செய்தார்களா? எந்த ஊரில்? கேட்டால்தான் எடுப்பார்களா?

அப்புறம், வலி குறைய சில வாரங்கள், சில மாதங்கள்கூட ஆகுமாம். அதுவரை மாத்திரையை எப்படிச் சமாளித்தீர்கள்? முகம் மரத்துப்போனதா, வலி திரும்ப வந்ததா? அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்றாவது சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.